கிட் கிளீன் அழித்த கோப்பு: எங்கே தேடினால் கிடைக்கும், எங்கே கிடைக்காது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் பீஸ் ரேட். வாராவாரம் சனிக்கிழமை சம்பளம். அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளை எழுதுவதும் பராமரிப்பதும் ஆபீசில் இருக்கும் ஒரே ஒரு புரோகிராமர். நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்க அவர் பயன்படுத்தும் கருவி கிட். வெள்ளிக்கிழமை மாலை, புதிய மாற்றங்களை இறக்கிச் சேர்க்க, அவர் ‘கிட் புல்’ அடிக்கிறார். டிராக் செய்யப்படாத (கிட்டில் இன்னும் சேர்க்கப்படாத) கோப்புகள் மெர்ஜில், அதாவது மாற்றங்களை இணைக்கும்போது, அழிந்துவிடும், அவற்றை நகர்த்துங்கள் அல்லது நீக்குங்கள் என்று சொல்லி கிட் நின்றுவிடுகிறது. இணையத்தில் தேடி எடுத்த ‘கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்’ என்ற வரியை ஒட்டி என்டர் தட்டுகிறார். பிழைச் செய்தி போய்விட்டது. அதோடு, புதிதாக எழுதிவந்த ஓவர்டைம் கணக்குக் கோப்புகளும், டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்த ‘.என்வி’ கோப்பும், சோதனைக்கு வைத்திருந்த எஸ்கியூலைட் டேட்டாபேஸும் போய்விட்டன. ரீசைக்கிள் பின்னில் எதுவும் இல்லை.

கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கத்து ஐடி கம்பெனிகளில் இது நடந்தால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் இருக்கும். கரூர் ஜவுளி ஏற்றுமதி ஆபீசிலோ, நாமக்கல் கோழிப்பண்ணைக் கணக்கு மென்பொருளிலோ, ஈரோட்டு மஞ்சள் மண்டியிலோ தனியாக வேலை செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. போனில் யாரையாவது பிடித்தால் பெரும்பாலும் வரும் பதில், ‘ரெஃப்லாக் பாருங்க, எல்லாம் அதுல இருக்கும்’ என்பது. ரெஃப்லாக் என்பது கிட் தனக்குள் வைத்திருக்கும் ஒரு பதிவேடு. கிட் கிளீனைப் பொறுத்தவரை இந்தப் பதில் தவறு. ரெஃப்லாக்கில் தேடிக் கழியும் நேரத்தில்தான் உண்மையில் மீட்கக்கூடிய வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுப்போகின்றன.

## இப்போதுதான் அழிந்தது என்றால்

காரணங்களைப் பின்னால் பார்ப்போம். கோப்பு போய்ச் சில நிமிடம்தான் ஆகிறது என்றால் முதலில் செய்ய வேண்டியவை இவை.

1. எடிட்டரை மூடாதீர்கள். அழிந்த கோப்பு ஏதாவது தாவலில் திறந்திருந்தால் அதன் உள்ளடக்கம் இன்னும் நினைவகத்தில் இருக்கலாம்.

2. டெர்மினலை மூடாதீர்கள். கிட் கிளீன் தான் அழித்த ஒவ்வொன்றையும் ‘ரிமூவிங்’ என்று வரிவரியாகக் காட்டியிருக்கும். போனது என்னென்ன என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பட்டியல் அது. முழுவதும் டிராக் ஆகாத ஃபோல்டராக இருந்தால் ஃபோல்டர் பெயர் மட்டும்தான் வரும், உள்ளே இருந்தவை வராது. எப்படியானாலும் மேலே உருட்டிப் போய், முழுவதையும் காப்பி செய்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஓடிக்கொண்டிருக்கும் லோக்கல் சர்வரை நிறுத்தாதீர்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

4. அதே டிரைவில் எதையும் எழுதாதீர்கள். பில்ட் வேண்டாம், பேக்கேஜ் இன்ஸ்டால் வேண்டாம், மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இறக்கவும் வேண்டாம். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்றவை ஓடினால் அவற்றின் ஒத்திசைவை நிறுத்தி வையுங்கள்.

5. மிச்சமிருக்கும் புராஜெக்ட் ஃபோல்டரை, மறைந்திருக்கும் ‘.கிட்’ ஃபோல்டரோடு சேர்த்து, ஒரு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். கிட்டுக்குள் தேடும் வேலையை எல்லாம் இந்தக் காப்பியில் செய்ய வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

‘எல்லாம் போயிருச்சுங்ணா’ என்று பதறி வரும் போனுக்கு, ‘தம்பி, எதையும் மூடாம அப்படியே வையுங்க’ என்பதுதான் முதல் பதிலாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

## கிட் எதைச் சேமிக்கிறது

கிட் 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதியது. அதன் அடிப்படை வடிவம் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஒரு புராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கும் எந்தக் கோப்பும் கிட்டின் கண்ணில் மூன்றில் ஒரு வகை.

1. டிராக் ஆவது: முன்பு ‘ஆட்’ செய்யப்பட்டு, கிட்டின் பட்டியலில் இருப்பது.
2. டிராக் ஆகாதது: ஃபோல்டரில் இருக்கிறது, ஆனால் யாரும் இதுவரை ஆட் செய்யவில்லை.
3. புறக்கணிக்கப்பட்டது: டிராக் ஆகாததில் ஒரு பிரிவு. ‘.கிட்இக்னோர்’ கோப்பில் பெயர் எழுதி, இதைக் கண்டுகொள்ளாதே என்று நாமே சொல்லிவைத்தது.

இதில் பலரும் தவறாக நினைப்பது, கமிட் செய்தால்தான் கிட்டுக்குள் போகும் என்பதை. உண்மையில் ‘கிட் ஆட்’ அடித்த நொடியே கோப்பின் முழு உள்ளடக்கமும் சுருக்கப்பட்டு ‘.கிட்’ ஃபோல்டருக்குள் ‘ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற இடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. இப்படி எழுதப்பட்ட துண்டுக்கு பிளாப் என்று பெயர். உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் 40 எழுத்து நீள எண் ஒன்றுதான் அதன் அடையாளம். கமிட் என்பது ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பிளாப்களுக்குப் பெயரும் தேதியும் கொடுத்து வரலாற்றில் கோர்ப்பது. விஎஸ் கோட் எடிட்டரில் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்துவதும் ஆட்தான்.

ஆக, மீட்பைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: அழிந்த கோப்பு ஒரு தடவையாவது ஆட் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் பதில் பெரும்பாலும் ‘.கிட்’ ஃபோல்டருக்குள் இருக்கிறது. ஆகவில்லை என்றால் அந்தக் கோப்பு இருந்ததே கிட்டுக்குத் தெரியாது. கிட்டின் எந்தக் கட்டளையாலும் அதைக் கொண்டுவர முடியாது.

கிட் கிளீனின் வேலையே டிராக் ஆகாத கோப்புகளை அழிப்பது. அதாவது, கிட் ஒருபோதும் சேமிக்காத கோப்புகளைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் கட்டளை அது. ரெஃப்லாக் உதவாததற்குக் காரணமும் இதுதான். கிளைகளும் (பிராஞ்ச்), நாம் இப்போது நிற்கும் இடமான ஹெட்டும் எந்தெந்தக் கமிட்டில் நின்றன என்பதன் பதிவேடுதான் ரெஃப்லாக். கமிட் ஆகாத கோப்பு அதில் வராது.

## கட்டளையில் ஒட்டியிருக்கும் எழுத்துகள்

வெறும் ‘கிட் கிளீன்’ என்று அடித்தால், இயல்பான அமைப்பில், அது மறுத்துவிடும். பின்னால் ஒட்டும் எழுத்துகள்தான் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

‘எஃப்’ என்றால் கட்டாயமாக அழி. ‘டி’ என்றால் டிராக் ஆகாத ஃபோல்டர்களையும் சேர்த்து அழி. ‘எக்ஸ்’ என்றால் புறக்கணிக்கப்பட்ட கோப்புகளையும் விடாதே. பெரிய எழுத்து எக்ஸ் என்றால் புறக்கணிக்கப்பட்டவற்றை மட்டும் அழி. ‘எஃப்’ இரண்டு தடவை வந்தால், தனக்கென ஒரு ‘.கிட்’ வைத்திருக்கும் உள்ரெப்போக்களும் போகும். ஒற்றை எஃப் அவற்றைத் தொடாது. ‘என்’ என்றால் எதையும் அழிக்காமல், அழிக்கப்போவதை மட்டும் காட்டு.

மிக அதிக நஷ்டம் சின்ன எழுத்து எக்ஸால்தான் வருகிறது. நாம் எதை ‘.கிட்இக்னோர்’ கோப்பில் எழுதுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நோட் மாட்யூல்ஸ், பில்ட் ஃபோல்டர், லாக் ஆகியவை போனால் கவலை இல்லை, இன்ஸ்டால் கட்டளை ஒன்றில் திரும்ப வந்துவிடும். ஆனால் அதே பட்டியலில்தான் ‘.என்வி’ இருக்கிறது, லோக்கல் டேட்டாபேஸ் இருக்கிறது, பையர் அனுப்பிய டிசைன் படங்களும் டெலிவரி சலான் ஸ்கேன்களும் விழும் அப்லோட்ஸ் ஃபோல்டர் இருக்கிறது. திரும்ப உருவாக்கக்கூடியதும் திரும்பவே கிடைக்காததும் ஒரே பட்டியலில் இருப்பதை கிட்டால் பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த வரி ஏன் இவ்வளவு எளிதாகக் கையில் கிடைக்கிறது என்றால், தானியங்கி பில்ட் சர்வர்களில் அது சரியான வரி. கிட்ஹப்பின் செக்அவுட் ஆக்‌ஷன்கூட, பழைய ஃபோல்டர் மீதமிருந்தால் இயல்பாகவே ‘கிட் கிளீன் -எஃப்எஃப்டிஎக்ஸ்’ ஓட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அங்கே யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை, அதனால் இழக்க எதுவும் இல்லை. அங்கிருந்து வரும் வரியை எழுதுகிற மேசைக்குக் கொண்டுவந்தால்தான் ஆபத்து. டெர்மினலைத் தாங்களே இயக்கும் ஏஐ உதவிக் கருவிகளுக்கும் இது பொருந்தும். அவை கேட்கும் அனுமதியில் கிளீன் என்ற சொல் இருந்தால் நின்று படிக்க வேண்டும்.

## ஓடியது எந்தக் கட்டளை?

‘கிளீன் பண்ணினேன்’ என்று சொல்பவர்கள் எல்லோரும் கிட் கிளீன் ஓட்டியவர்கள் அல்ல. டெர்மினலில் மேல் அம்புக்குறியை அழுத்தி, ஓடியது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மீட்பு வேறு.

1. ‘ரீசெட் --ஹார்டு’ போட்டு எல்லாவற்றையும் ஒரு கமிட்டின் நிலைக்குத் திருப்பியது: கமிட்டுகள் மறைந்திருந்தால் ரெஃப்லாக்கில் நிச்சயம் தேடலாம், அந்த ஆலோசனைக்கு உரிய இடம் இதுதான். பதிவுகள் இயல்பாக 90 நாள் இருக்கும், எந்தக் கிளையிலும் சேராத கமிட்டுகளுக்கு 30 நாள். ஆட் செய்து கமிட் செய்யாத மாற்றங்கள் பிளாப்களாகக் கிடைக்கும். ஆட் செய்யாத திருத்தங்கள் கிட்டில் இல்லை.

2. ‘செக்அவுட்’ அல்லது ‘ரீஸ்டோர்’ போட்டுக் கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பியது: மேலே சொன்னதுபோலத்தான். ஆட் ஆகாத திருத்தம் கிட்டுக்குள் இருக்காது.

3. ‘ஸ்டாஷ் டிராப்’: இதைக் கேட்டால் நிம்மதியாகச் சொல்லலாம், பெரும்பாலும் கிடைத்துவிடும். பாதி வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் என்பதே ஒரு கமிட்தான். டிராப் ஆனபோது டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் 40 எழுத்து எண் ஒன்று வந்திருக்கும். ‘கிட் ஸ்டாஷ் அப்ளை’ என்று அடித்து அந்த எண்ணைப் பக்கத்தில் ஒட்டினால் போதும்.

4. ‘கிட் கிளீன்’: ஆட் ஆகாதவை கிட்டில் இல்லை. முன்பு எப்போதாவது ஆட் செய்து பிறகு விலக்கியவை, அல்லது ஸ்டாஷில் ஒருமுறை போய்வந்தவை மட்டும் உள்ளே இருக்கலாம்.

ரீசெட்டும் கிளீனும் அடுத்தடுத்து ஓட்டும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு வகை இழப்பும் கலந்திருக்கும். கோப்பு கோப்பாகப் பிரித்துத்தான் யோசிக்க வேண்டும்.

## கிட்டுக்குள் தேடுவது

ஆட் ஆகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே இதைச் செய்து பார்ப்பது நல்லது. ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ என்ற கட்டளை, எதனுடனும் இணைக்கப்படாமல் தனியாகக் கிடக்கும் ஆப்ஜெக்ட்களைத் தேடி எடுத்து, ‘.கிட்’ ஃபோல்டருக்குள் ‘லாஸ்ட்-ஃபவுண்ட்’ என்று ஒரு ஃபோல்டரில் எழுதித் தரும். கமிட்டுகள் ‘கமிட்’ என்ற உள்ஃபோல்டரிலும் பிளாப்கள் ‘அதர்’ என்ற உள்ஃபோல்டரிலும் இருக்கும்.

‘எழுதித் தரும்’ என்பதைக் கவனியுங்கள். அது டிஸ்கில் எழுதுகிறது. மூல டிரைவில் இதை ஓட்டினால், அழிந்த கோப்புகள் கிடந்த இடத்தின் மேலேயே அது எழுதக்கூடும். பென்டிரைவ் காப்பியில் செய்யச் சொன்னது இதனால்தான்.

‘அதர்’ ஃபோல்டரைத் திறந்தால் முதலில் மலைப்பாக இருக்கும். கோப்புகளுக்குப் பெயர் இருக்காது, 40 எழுத்து எண்கள்தான். பிளாபுக்குள் உள்ளடக்கம் மட்டுமே இருக்கிறது. கோப்பின் பெயர் வேறிடத்தில் வைக்கப்படுகிறது, அது அழிந்துவிட்டது. எனவே பெயரை வைத்துத் தேடக்கூடாது. உள்ளே நீங்கள் எழுதிய ஒரு ஃபங்ஷனின் பெயரையோ, ‘ஓவர்டைம்’ போல அந்தக் கோப்பில் மட்டுமே வரும் ஒரு சொல்லையோ வைத்து, கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் ‘கிரெப் -எல்’ கட்டளை கொண்டு தேடுங்கள். ஒரே கோப்பின் ஐந்தாறு நிலைகள் வரலாம், ஆட் அடித்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றாக. எது கடைசி என்று பார்க்க, மூல ‘ஆப்ஜெக்ட்ஸ்’ ஃபோல்டரில் அந்த எண்ணின் முதல் இரண்டு எழுத்தைப் பெயராகக் கொண்ட ஃபோல்டருக்குள் போய், மீதி 38 எழுத்துக் கோப்பின் தேதி, நேரத்தைப் பாருங்கள். அது ஆட் அடித்த நேரம். லாஸ்ட்-ஃபவுண்டில் இருப்பவற்றின் நேரம் இப்போது எழுதப்பட்ட நேரம், அதை நம்பக்கூடாது.

எதனுடனும் இணையாத ஆப்ஜெக்ட்களை கிட் இயல்பாக இரண்டு வாரம் விட்டுவைக்கும், அதன்பின் ‘ஜிசி’ என்ற துப்புரவு ஓடும்போது அழிக்கும். அதனால் தேடி முடிக்கும்வரை ‘கிட் ஜிசி’யோ ‘கிட் ப்ரூன்’ கட்டளையோ யார் சொன்னாலும் ஓட்டாதீர்கள்.

## எடிட்டரில் தேடுவது

ஆட் ஆகாத கோப்புக்கு முதலில் போக வேண்டிய இடம் இது. மீட்பு மென்பொருளைத் தேடி ஓடுபவர்களில் பலருக்குத் தேவையான கோப்பு எடிட்டரிலேயே இருக்கிறது.

விஎஸ் கோடில் திறந்திருந்த கோப்பு டெர்மினலிலிருந்து அழிக்கப்பட்டால், இயல்பான அமைப்பில் அந்தத் தாவல் மூடாது. பெயரின் மேல் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். அந்தத் தாவலுக்குப் போய் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து பென்டிரைவில் சேமியுங்கள். திறந்திருந்த எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்யுங்கள்.

தாவலில் இல்லாதவற்றுக்கு லோக்கல் ஹிஸ்டரி இருக்கிறது. 2022 மார்ச் வெளியீடான 1.66இலிருந்து விஎஸ் கோட், நீங்கள் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் அந்தக் கோப்பின் ஒரு நகலை, புராஜெக்டுக்கு வெளியே தன்னிடம் வைத்துக்கொள்கிறது. கிட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கிளீன் இதைத் தொடவும் முடியாது. கமாண்ட் பேலட்டைத் திறந்து ‘லோக்கல் ஹிஸ்டரி: ஃபைண்ட் என்ட்ரி டு ரீஸ்டோர்’ என்று தேடினால், அழிந்த கோப்பின் பெயரும், சேவ் செய்த நேரங்களும் வரிசையாக வரும். அங்கே வராவிட்டால் நேரடியாக ஃபோல்டரையே பாருங்கள். விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், கோட், யூசர், ஹிஸ்டரி என்று உள்ளே உள்ளே போக வேண்டும். லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் ‘.கான்ஃபிக்’, அதற்குள் கோட், யூசர், ஹிஸ்டரி. அங்கிருக்கும் ஒவ்வொரு உள்ஃபோல்டரும் ஒரு கோப்புக்கு உரியது. அதனுள் ‘என்ட்ரீஸ்.ஜேசன்’ என்ற கோப்பில் அசல் கோப்பின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு எல்லைகள் உண்டு. விஎஸ் கோடுக்குள் சேவ் செய்தவை மட்டுமே இருக்கும். எக்செல்லிலிருந்து எடுத்துப் போட்ட சிஎஸ்வி, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கி வைத்த படம் எல்லாம் இருக்காது. 256 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளும் இயல்பாகச் சேராது. ஒரு கோப்புக்கு 50 நிலைகள்வரைதான். ஆனால் மனிதர் கையால் எழுதிய நிரல் கோப்பு இந்த எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடும், திரும்ப எழுத முடியாமல் தவிப்பதும் அந்தக் கோப்புக்குத்தான்.

இன்டெல்லிஜே, பைசார்ம், பிஹெச்பிஸ்டார்ம் போன்ற ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் இது இன்னும் வசதி. கோப்பு இருந்த ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து லோக்கல் ஹிஸ்டரியைத் திறந்தால், அழிந்ததே ஒரு மாற்றமாகப் பதிவாகியிருக்கும், அங்கிருந்தே திருப்பிவிடலாம். இயல்பாக ஐந்து வேலை நாள் வரலாறு இருக்கும். ‘இன்வாலிடேட் கேஷஸ்’ மட்டும் இப்போது வேண்டாம். அதில் லோக்கல் ஹிஸ்டரியையும் சேர்த்து அழிக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது.

## இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்

லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தாலும், ஏதாவது புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்கில் அப்படியே இருக்கும். நம் பனியன் கம்பெனி உதாரணத்தில், லோக்கல் சர்வர் எஸ்கியூலைட் டேட்டாபேஸைத் திறந்து வைத்திருந்தால் அது இன்னும் போகவில்லை. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்று அடித்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகள் பட்டியலாக வரும். அதில் கிடைக்கும் பிராசஸ் எண்ணையும் ஃபைல் எண்ணையும் வைத்து, ‘/ப்ராக்’ ஃபோல்டருக்குள் அந்தப் பிராசஸின் ‘எஃப்டி’ ஃபோல்டரிலிருந்து பென்டிரைவுக்குக் காப்பி எடுக்கலாம். டேட்டாபேஸோடு ‘-வால்’ என்று முடியும் துணைக் கோப்பும் பட்டியலில் இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். டேட்டாபேஸில் கடைசியாக எழுதப்பட்டவை அதில்தான் இருக்கும். சர்வரை நிறுத்திய கணமே இந்த வழி மூடிவிடும்.

விண்டோஸில், புரோகிராம் பூட்டி வைத்திருக்கும் கோப்பை கிட்டால் பொதுவாக அழிக்க முடியாது. அழிக்க முடியவில்லை, மறுபடி முயலட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்வி திரையில் நிற்கிறது என்றால் ‘என்’ அடியுங்கள். அந்தக் கோப்பு தப்பித்தது.

‘.என்வி’ கோப்புக்கும் இதே யோசனைதான். கோப்பு போனாலும் அதிலிருந்த மதிப்புகள் ஓடும் புரோகிராமின் சூழலில் இருக்கலாம். லினக்ஸில் ‘/ப்ராக்’ ஃபோல்டரில் அந்தப் பிராசஸின் ‘என்விரான்’ கோப்பு, புரோகிராம் டாக்கரில் ஓடினால் ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ காட்டும் என்வி பகுதி. புரோகிராம் தொடங்கிய பிறகு தானே கோப்பைப் படித்து ஏற்றிய மதிப்புகள் ‘என்விரான்’ கோப்பில் வராது, தொடங்கும்போது கொடுக்கப்பட்டவை மட்டும்தான். கிடைக்காவிட்டாலும் கடவுச்சொற்களை அந்தந்த இடத்தில் மாற்றிப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். மென்பொருள் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு பிரதி இருக்கும். மீட்பு வேலை எதற்கும் முன்னால் அதைப் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம். பழைய டாக்கர் இமேஜ் இருந்தால், பில்ட் செய்த நாளன்று ஃபோல்டரில் இருந்த கோப்புகள் அதற்குள் காப்பியாகியிருக்கவும் வாய்ப்புண்டு.

## டிஸ்கைத் தோண்டுவது

கடைசி வழி இது, வெற்றி வாய்ப்பும் குறைவு. ஒரு கோப்பு டிஸ்கிலிருந்து அழிவது என்றால் என்ன? மஞ்சள் குடோனின் பதிவேட்டில் ஒரு சரக்கின் பெயரை அடித்துவிடுவது மாதிரி அது. மூட்டை இன்னும் அதே இடத்தில் அடுக்கியபடி இருக்கிறது. அந்த இடம் காலி என்று நினைத்து அடுத்த லோடை இறக்கும்போதுதான் உண்மையில் போகிறது. பழைய ஹார்டு டிஸ்கில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எஸ்எஸ்டியில் பொருந்தாது. அங்கே ‘டிரிம்’ என்ற ஏற்பாடு, இந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. அதன்பின் அங்கே படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். விண்டோஸில் டிரிம் அழித்த உடனேயே போகிறது. உபுண்டுவில் இயல்பாக வாரம் ஒரு தடவைதான் ஓடும், அதனால் சில நாள் அவகாசம் இருக்கலாம்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, புராஜெக்ட் இருந்தது எந்த டிரைவில் என்பதை. சி டிரைவ் எஸ்எஸ்டியாகவும், டி டிரைவ் பழைய ஹார்டு டிஸ்காகவும் இருக்கும் ஆபீஸ் கணினிகள் இங்கே நிறைய. வேலை டி டிரைவில் இருந்தது என்றால் நம்பிக்கை வைக்கலாம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி இலவசம், விண்டோஸ் 10இன் 2004 பதிப்பிலிருந்து ஓடும், மீட்டதை வேறு டிரைவில்தான் எழுத விடும். சி டிரைவில் அதை இறக்கி, டி டிரைவில் தேடி, பென்டிரைவில் எழுதச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டியிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில், சுமார் 700 பைட்டுக்குள் அடங்கும் மிகச் சிறிய கோப்புகளின் உள்ளடக்கம் தனி இடத்தில் வைக்கப்படுவதில்லை. கோப்புகளின் அட்டவணைப் பதிவுக்குள்ளேயே வைக்கப்படுகிறது. டிரிம் அந்த அட்டவணையைத் தொடாது. பத்துப் பதினைந்து வரி ‘.என்வி’ கோப்பு பெரும்பாலும் இந்த அளவுக்குள் வரும். அந்தப் பதிவின் மேல் புதிய கோப்பு எதுவும் உட்காராதவரை அது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. உடனே எழுதுவதை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படங்களையும் பிடிஎஃப்களையும் மீட்பதில் ஃபோட்டோரெக் நல்ல கருவி. தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை வைத்து அது கோப்புகளைக் கண்டுபிடிக்கிறது. நிரல் கோப்புகளுக்கு அப்படி உறுதியான அடையாளம் இல்லாததால் அங்கே அது தடுமாறும். கிடைத்தாலும் பெயரில்லாமல் ஆயிரக்கணக்கில் கொட்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில், கோப்பு டிஸ்கில் எங்கே இருந்தது என்ற குறிப்பே அழிக்கும்போது துடைக்கப்பட்டுவிடுவதால், டிஸ்க் முழுவதையும் ‘கிரெப் -ஏ’ போட்டு ஒரு சொல்லைத் தேடுவதுதான் நடைமுறை வழி. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2இல் வேலை செய்பவர்கள், தங்கள் கோப்புகள் எல்லாம் ஒரே பெரிய விஹெச்டிஎக்ஸ் கோப்புக்குள் இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் மீட்புக் கருவிகளுக்கு அதன் உள்ளே இருப்பது தெரியாது.

கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ இருக்கும் டேட்டா ரெக்கவரி கடைக்கு டிஸ்கைக் கொண்டுபோகும் முன், அது ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா, டிரிம் இயங்குகிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள். டிரிம் முடிந்த எஸ்எஸ்டியில் நிரல் கோப்பைத் தேட முன்பணம் கொடுப்பது, பெரும்பாலும் பணத்தையும் சேர்த்து இழப்பதுதான்.

## குறுக்கே நிற்கும் கோப்புக்கு என்ன செய்வது

தொடக்கத்தில் வந்த பிழைச் செய்திக்குக் கிளீன் தேவையே இல்லை. அந்தச் செய்தியிலேயே எந்தக் கோப்பு இடிக்கிறது என்று பெயர் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் வெளியே நகர்த்திவிட்டு மறுபடி புல் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

ஃபோல்டரைச் சுத்தமாக்கத்தான் வேண்டும் என்றால் ‘கிட் ஸ்டாஷ் -யு’ போடுங்கள். கிளீன் அழிக்கும் அதே டிராக் ஆகாத கோப்புகளை அது எடுத்து உள்ளே வைக்கும். ஃபோல்டர் சுத்தமாகிவிடும், கோப்புகள் கமிட்டாக இருக்கும். புறக்கணிக்கப்பட்டவையும் சேர வேண்டும் என்றால் ‘-ஏ’. நோட் மாட்யூல்ஸும் சேர்ந்து போவதால் அது மெதுவாக இருக்கும். சுத்தமான பில்ட்தான் நோக்கம் என்றால் வேலை செய்யும் ஃபோல்டரைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் இன்னொரு ஃபோல்டரில் புதிதாகக் குளோன் செய்து அங்கே பில்ட் செய்யுங்கள். ஒரே டிஸ்கில் குளோன் செய்யும்போது கிட் ஆப்ஜெக்ட்களைப் பகிர்ந்துகொள்வதால் நேரமும் இடமும் அதிகம் ஆகாது.

கிளீனே ஓட்டினாலும், முதலில் ‘-என்’ போட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அதே எழுத்துகளோடு ‘என்’ இருந்த இடத்தில் ‘எஃப்’ போடுங்கள். ‘-இ’ கொடுத்துப் பக்கத்தில் ‘.என்வி’ என்று சேர்த்தால் அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிடும். சம்பளக் கணக்குபோல நாள் தவற முடியாத வேலையைச் சுமக்கும் மென்பொருள் என்றால், மாலையில் கிளம்பும்போது வேலை பாதியில் இருந்தாலும் ஒரு தனிக் கிளையில் கமிட் செய்து, ரிமோட்டுக்கு (வேறு இடத்தில் இருக்கும் கிட் பிரதிக்கு) புஷ் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ‘.என்வி’ கோப்பும் அப்லோட்ஸ் ஃபோல்டரும் கிட்டில் போகக்கூடாதவை. அவற்றுக்குத் தனியாக, புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே, முடிந்தால் வேறு கணினியில், தினமும் தானாக ஓடும் பேக்கப் வேண்டும்.